குரல் போகும், முகவரி போகுமா?

(காரைக்கால் மாவட்ட மீனவர் ஊரான கருக்களாச்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடைகளில் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். காரைக்கால் அம்மையார் பிறந்த இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமும் இல்லை. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது வீட்டுத் தொலைபேசி. செப்புக் கம்பி போய் ஃபைபர் வந்த பிறகு, நட்ட நடு இரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் அந்த வீட்டுப் போன் நம்மைக் காப்பாற்றுமா என்ற ஒரே கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அடிக்க வேண்டிய எண் 112 என்று குழந்தைக்கும் தெரியும். அடித்தபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் பழையதிலிருந்து தொடங்குகிறேன். இணைப்பகத்துக்குள் பேட்டரி அறை என்று ஒன்று இருக்கும். காரீய அமில செல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட். 24 செல் சேர்ந்து 48 வோல்ட். கதவைத் திறந்ததும் அமில வாடை மூக்கில் ஏறும். அந்த 48 வோல்ட்தான் செப்புக் கம்பி வழியாக உங்கள் வீட்டுப் போனுக்கு உயிர் கொடுத்தது. புயலடித்து ஊரே இருட்டில் கிடந்தாலும், கம்பி அறுபடாதவரை ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். பேட்டரி இறங்கினால் டீசல் ஜெனரேட்டர் ஓடும். இந்த ஏற்பாடு இருந்ததே வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

கம்பி இன்னொரு காரியமும் செய்தது. ஒவ்வொரு வீட்டு ஜோடிக் கம்பியும் இணைப்பகச் சட்டத்தில் தனக்கென்று ஒரு முனையில் வந்து முடியும். அங்கிருந்து தெருவோரப் பில்லர், பில்லரிலிருந்து டி.பி. எனும் பகிர்வுப் பெட்டி, பெட்டியிலிருந்து வீடு. எண்ணைச் சொன்னால் போதும், லைன்மேன் கம்பியைப் பிடித்துக்கொண்டே உங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். 04368 என்று தொடங்கும் எண் காரைக்கால் வட்டாரத்தை விட்டு நகரவே முடியாது. பேசுகிறவர் மயங்கி விழுந்தாலும், முகவரி சொல்லத் தெரியாத குழந்தை அழைத்தாலும், கம்பியே முகவரியாக நின்றது.

இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கும் இணையத் தொலைபேசியில் எண் கம்பியோடு கட்டப்படவில்லை. அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. பயனர் பெயர் ஒன்று, கடவுச்சொல் ஒன்று. அந்தக் கணக்கை ஒரு சின்ன அடாப்டரிலோ செல்போன் செயலியிலோ போட்டுவிட்டால், இணையம் எங்கே கிடைக்கிறதோ அங்கே அந்த எண் மணி அடிக்கும். காரைக்காலில் வாங்கிய எண் பாரிஸில் அடிக்கலாம், சிங்கப்பூரில் அடிக்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய வரம். ஆனால் ஆபத்து நேரத்தில் அழைப்பை எடுப்பவருக்கு அந்த எண்ணிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்குத் திறந்த அன்று நீங்கள் கொடுத்த முகவரி ஏதோ ஒரு கணினியில் கிடக்கும். அதுவே அவருக்குக் கிடைத்தாலும், அது நீங்கள் இன்று இருக்கும் வீடுதானா என்று யாரும் சரிபார்ப்பதில்லை.

இதனால் உயிரே போயிருக்கிறது. 2008 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடல்நிலை மோசமானது. வீட்டில் இருந்தது இணையத் தொலைபேசி. குடும்பத்தார் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் புறப்பட்டது; ஆனால் ஒன்டாரியோ மாகாணத்தில், மிசிசாகாவில், அவர்கள் முன்பு குடியிருந்த முகவரிக்கு. குடும்பம் வீடு மாறி வந்திருந்தது, சேவை நிறுவனத்தின் ஏட்டில் பழைய முகவரியே இருந்தது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தரைவழிப் போனிலிருந்து மறுபடி அழைத்த பிறகுதான் சரியான ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. அந்த வீட்டில் போன் வேலை செய்தது, மறுமுனையில் ஆள் எடுத்தார், வண்டியும் உடனே கிளம்பியது. ஓர் ஏட்டில் ஒரு வரி மாற்றப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். இதைப் படித்த நாளிலிருந்து யார் வீட்டில் புது இணைப்பு என்றாலும் நான் முதலில் கேட்பது, 'முகவரி மாற்றியாயிற்றா?' என்பதுதான்.

அமெரிக்காவில் அதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். 2005 பிப்ரவரியில் ஹூஸ்டனில் வீடு புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது, மகள் இணையத் தொலைபேசியில் 911 அடித்தும் உதவி கிடைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. பொதுத் தொலைபேசியோடு இணைந்த இணையத் தொலைபேசிச் சேவைகள் அனைத்தும் 911 வசதியைக் கொடுத்தே ஆக வேண்டும், வாடிக்கையாளரின் இருப்பிடத்தைப் பதிவு செய்து அவசர மையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் கதவு திறந்தது. ஆனால் உள்நாட்டுத் தொலைபேசிகளோடு பேசத் தடை இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரை கொடுத்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகுதான் வழி முழுதாகத் திறந்தது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற இணையத் தொலைபேசிச் சேவையை அறிவித்தது. டிராயின் அந்தப் பரிந்துரையில் அவசர எண்களைப் பற்றியும் இருக்கிறது. இணையத் தொலைபேசியில் அவசர அழைப்பு வசதி செய்து தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டாம், அதன் வரம்புகளை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சொல்லிவிட வேண்டும் என்பது நடைமுறையில் விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. தெரியாமல் நம்புகிறவருக்குத் தெரியும்படி சொல்வது சேவை கொடுப்பவரின் கடமை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், யாரும் வீணாகப் பயந்துவிடக் கூடாது. ஃபைபர் கொடுக்கும் நிறுவனமே, அது வீட்டில் மாட்டிய பெட்டியின் பின்பக்கத்துத் தொலைபேசித் துளையில் கொடுக்கும் இணைப்பு ஒரு வகை. அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கென்று பதிவானது. எண்ணும் அதோடு சேர்ந்தது. செயலியிலோ தனி அடாப்டரிலோ எடுத்துப் போகக்கூடிய எண் வேறு வகை. அவசரத்துக்கு நம்ப வேண்டியது முதல் வகையைத்தான். வாட்ஸப் இந்த இரண்டிலும் சேராது. அவசர சேவைகளை அழைக்க முடியாது என்று அதன் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கருக்களாச்சேரிக்கு இந்த விஷயம் மற்ற ஊர்களைவிட ஏன் கூடுதல் முக்கியம்? காரைக்கால் மாவட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். நம் தலைநகரம் நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. 112 திட்டத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் 2019 பிப்ரவரி 19 அன்று சேர்ந்தன. நல்ல காரியம். ஆனால் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி வண்டிகள், தனித்தனி கட்டுப்பாட்டு அறைகள். செல்போனில் அடிக்கும் 112 எந்த அறைக்குப் போகும் என்பது அந்த நேரத்தில் போன் பிடித்திருக்கும் டவரைப் பொறுத்தது. எல்லையோர ஊர்களில் நாகப்பட்டினம் பக்கத்து டவர் சிக்னல் கொடுத்தால் அழைப்பு அந்தப் பக்கம் போகக்கூடும். இணையத் தொலைபேசியில் நிறுவனம் எந்த இடத்தை உங்கள் இடமாக எழுதி வைத்திருக்கிறதோ அதைப் பொறுத்தது.

அந்த அறையில் அழைப்பை எடுக்கிறவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் நல்லவர், வேகமானவர், ஆனால் நம் கரையைப் பார்த்தவரில்லை.

'எந்த ஊரும்மா?'

'கருக்களாச்சேரிங்க.'

'எந்த மாவட்டம்?'

'காரைக்கால்.'

'தெரு?'

'மாரியம்மன் கோயில் பக்கம்ங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்க.'

மாரியம்மன் கோயில் இல்லாத மீனவர் ஊர் எங்கே இருக்கிறது? ஊர்ப் பெயர்களிலும் குழப்பம் காத்திருக்கிறது. அக்கம்பேட்டை காரைக்கால் மாவட்டம், அக்கரைப்பேட்டை நாகப்பட்டினம் மாவட்டம். பதறிய குரலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நாலு விதமாக எழுதுகிறார்கள். திரையில் ஒரு விதம்தான் இருக்கும். சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளில் கதவு எண் ஒன்று, வரி ரசீதில் இன்னொன்று, ரேஷன் அட்டையில் மூன்றாவது.

அதனால் போனுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டுங்கள். அழைப்பவர் எதுவும் யோசிக்காமல் படித்தாலே போதும் என்கிற மாதிரி, பெரிய எழுத்தில். முதல் வரி: 'காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி மாநிலம்.' மாநிலப் பெயர் முதல் வரியில் வரவேண்டும். அழைப்பு தப்பான அறைக்குப் போயிருந்தால், எடுத்தவர் அந்த நொடியே சரியான பக்கம் மாற்றிவிட வழி பிறக்கும். அடுத்த வரி ஊர், பக்கத்துப் பெரிய ஊர். அதற்கடுத்து, மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது: பாலமா, பள்ளிக்கூடமா, மீன் இறங்கு தளமா. பிறகு கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், ஊரில் அந்த வீட்டைச் சொல்லும் பட்டப் பெயர். நடு ராத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர் வழியில் யாரையாவது எழுப்பிக் கேட்டால், கதவு எண்ணைவிடப் பட்டப் பெயர்தான் உதவும். கடைசி வரியில் இந்தப் போனின் எண். நம் வீட்டு எண்ணே அவசரத்தில் நாக்கில் வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்பவும் மறக்க வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். இணைப்பகத்து 24 செல் செய்த வேலை இப்போது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஃபைபர் கண்ணாடி இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். நான் பார்த்த பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஹாலில் ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், படுக்கையறையில் ஒரு ஃபேன் எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ரூட்டர் மட்டும் டிவிக்குப் பின்னால், இன்வெர்ட்டர் தொடாத பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் ஃபேன் ஓடுகிறது, போன் செத்துப் போகிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பிளக் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1,800 வாட்-அவர் கணக்கு. 10 வாட் எடுக்கும் ரூட்டர் மட்டும் ஓடினால் ஒரு நாளைத் தாண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். போதும். 30 வாட்-அவர் அளவுள்ளது இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். பிரிட்டனில் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு மின்தடையிலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு கிடைக்க நிறுவனமே வழி செய்ய வேண்டும் என்று 2018-ல் வழிகாட்டியது. இங்கே அந்த ஒரு மணி நேரத்தை நாமே வாங்க வேண்டியிருக்கிறது.

கார்ட்லெஸ் போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும். வயர் வைத்த பழைய சாதாரணப் போன் ஒன்றை நேராகப் பெட்டியில் சொருகி வையுங்கள். பரணில் தூங்கும் அந்தப் போன் இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

வீட்டுக்கு வெளியே இருப்பது நம் கையில் இல்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். ஃபைபர் பல இடங்களில் அதே கம்பங்களில்தான் தொங்குகிறது. செல் டவர் பேட்டரிக்கும் சில மணி நேரம்தான் ஆயுள். ஆகவே ஒரே பாதையை நம்பக் கூடாது. வீட்டுப் போன் ஒரு நிறுவனம் என்றால், செல்போனில் ஒரு சிம்மாவது வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

ஒரே பாதையை நம்பினால் என்ன ஆகும் என்பதை நமக்கு நெருக்கமான ஒரு நாடே பார்த்தது. 2021 ஜூன் 2 அன்று பிரான்சில் ஆரஞ்சு நிறுவனத்தின் குரல் அழைப்புச் சர்வர்களில் மென்பொருள் கோளாறு ஏற்பட்டது. மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை 15, 17, 18, 112 ஆகிய அவசர எண்களுக்குப் போன அழைப்புகளில் பல சேரவில்லை. அரசு விசாரணை அறிக்கை சேராத அழைப்புகளை ஏறத்தாழ 11,800 என்று கணக்கிட்டது. நம் குடும்பங்களில் பலருக்கு அங்கே உறவு உண்டு. அன்றைக்கு அங்கே மாவட்ட நிர்வாகங்கள் சமூக ஊடகத்தில் பத்திலக்க மாற்று எண்களை அவசர அவசரமாக வெளியிட்டன. அந்தப் பத்திலக்க எண்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது.

112 என்பது நாட்டெல்லையைத் தாண்டாது. பாரிஸில் இருக்கும் மகன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது இங்கே அப்பா சரிந்து விழுகிறார் என்று வையுங்கள். மகன் 112 அடித்தால் எடுப்பவர் பிரான்ஸ் நாட்டுக்காரர். சிங்கப்பூரிலிருந்து 995 அடித்தால் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ். அவர்கள் கையில் இருக்க வேண்டியது காரைக்கால் அரசு மருத்துவமனையின், பக்கத்துக் காவல் நிலையத்தின் முழு எண்: 91, பிறகு 4368, பிறகு ஆறு இலக்கம். எந்த நாட்டு எந்த இணையத் தொலைபேசியிலிருந்தும் அது போய்ச் சேரும். அதோடு ஊரில் இரண்டு வீட்டு எண்கள். உண்மையில் முதலில் ஓடி வரப்போகிறவர்கள் அந்த இரண்டு வீட்டுக்காரர்கள்தான்.

கடல் கடந்து வந்த அழைப்பு ஓர் ஊரையே காப்பாற்றியது இந்தப் புதுச்சேரி மாநிலத்தில்தான். நல்லவாடு கிராமத்துக்கு 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பிள்ளை போன் செய்தார். அங்கே நிலநடுக்கச் செய்தியைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்தவரிடம், கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். உடனே எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் இருந்தது. அலை உயரமும் வானிலையும் அறிவிக்க ஒலிபெருக்கியும் இருந்தது. ஊரார் அந்த மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,500-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். அதே காலையில் நம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் நாம் இழந்ததை இந்த அவையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அழைப்பை வெற்றி பெறச் செய்தது எது என்று பாருங்கள். அழைத்தவருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. எடுத்தவருக்கு அடுத்து எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒலிபெருக்கி தயாராக இருந்தது.

தனி அடாப்டர் வாங்கி அமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எந்த எண்ணை எப்படி அனுப்புவது என்று ஓர் அமைப்பு உண்டு. வெளி அழைப்புக்கு முதலில் 0 அழுத்த வேண்டும் என்று வைத்திருந்தால், பதற்றத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது. 2013 டிசம்பரில் டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊரின் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அடித்தாள். முன்னால் ஒரு 9 அழுத்த வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் இறந்தார். முன்னெண் இல்லாமல் நேரடியாக 911 போக வேண்டும் என்று 2018-ல் அங்கே சட்டமே வந்தது. உங்கள் அடாப்டரில் 112, ஆம்புலன்ஸ் எண் 108 ஆகிய இரண்டும் முன்னெண் இல்லாமல், அழுத்திய உடனே போகும்படி இருக்கிறதா என்று அமைத்துக் கொடுப்பவரிடம் கேளுங்கள். அந்தச் சேவை 112-ஐ எடுத்துச் செல்லவே செல்லாது என்றால், போன் மீதே அதை எழுதி ஒட்டுங்கள். விருந்தாளிக்கும் பேரப்பிள்ளைக்கும் தெரியட்டும். கடலில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் வி.எச்.எஃப். கருவியும்தான் துணை.

பஞ்சாயத்தாரிடம் ஒரு வேண்டுகோள். காரைக்காலில் ஃபைபர் கொடுக்கும் நிறுவனங்களை ஒரு நாள் இதே மண்டபத்துக்கு வரவழையுங்கள். மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: இந்த ஊர் இணைப்புகளிலிருந்து 112 அடித்தால் அது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது, எங்கள் வீட்டு முகவரி அதோடு போகிறதா, ஊருக்கு ஒளி அனுப்பும் உங்கள் நிலையத்துப் பேட்டரி கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும். சுற்று வட்டார மீனவர் ஊர்களும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் போக முடியாது. பதில் வரும்வரை, இன்னும் உயிரோடிருக்கும் செப்புக் கம்பி இணைப்பை யாரும் அவசரப்பட்டுச் சரண்டர் செய்ய வேண்டாம்.